குறுக்குவழி யாருடையது?

ஓடும் புள்ளிகள் – 7

சென்ற வாரம் 1991 மே மாதத்தில் நிறுத்தியிருந்தோம். ஆப்பிளின் மென்பொருளாளர் மாநாட்டு மேடையில் புரூஸ் லீக் ஒரு மெக்கின்டாஷில் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘1984’ விளம்பரத்தை ஓட்டிக் காட்டினார். 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட சின்னப் பெட்டி. அதற்கென்று தனி அட்டையோ தனி சிப்போ கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி குவிக்டைம் வெளியானது.

அதுவரை கம்ப்யூட்டரில் வீடியோ என்றால் இன்டெல்லின் டிவிஐ மாதிரி, விலை உயர்ந்த அட்டைகளை உள்ளே செருகிப் பார்க்கிற சமாச்சாரம். குவிக்டைம் அதை வெறும் மென்பொருளாக்கியது. பெட்டியின் அளவைப் பார்த்துப் பலர் ‘தபால்தலை’ என்று கேலி செய்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் கேலி செய்யவில்லை. அவசர அவசரமாகப் பதில் தயாரித்தது.

* * *

அந்தப் பதிலின் பெயர் ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’. 1992 நவம்பரில் வந்தது. கூடவே ஏவிஐ என்ற கோப்பு வடிவம். ஒலியையும் படத்தையும் ஒரே கோப்பில் மாற்றி மாற்றி அடுக்கிவைக்கிற எளிய ஏற்பாடு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். குவிக்டைமைக் கட்டியவர்கள் காலத்தையே அடித்தளமாக வைத்தார்கள். ஒவ்வொரு படமும் எந்தக் கணத்தில் தோன்றவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பது கோப்பிலேயே இருக்கும். விநாடியை 600 கூறாகப் பிரிப்பது அவர்கள் வழக்கம். சினிமாவின் 24, ஐரோப்பிய டிவியின் 25, அமெரிக்க டிவியின் 30 மூன்றாலும் 600 மீதியின்றி வகுபடும் என்பதுதான் காரணம். மெஷின் திணறினால் படத்தில் ஒன்றிரண்டைத் தவறவிட்டுவிட்டு, ஒலியோடு ஓடும். காது அறுந்த சத்தத்தைப் பொறுக்காது. கண் விடுபட்ட படத்தை மன்னித்துவிடும்.

ஏவிஐயில் இந்த நுட்பமெல்லாம் இல்லை. விநாடிக்கு இத்தனை படம் என்று தலைப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் முடிந்தது. ஆனால் அதனிடம் இருந்தது விண்டோஸ். மெக்கைவிட அதிகமான மேசைகளில் அப்போது இருந்ததும் அதுதான்.

ஆப்பிளுக்கு இது தெரியாமல் இல்லை. சிடியில் கலைக்களஞ்சியமும் விளையாட்டும் போட்டு விற்ற பதிப்பாளர்களுக்கு ஒரே சிடி இரண்டு வகை மெஷினிலும் ஓடவேண்டும். மெக்கில் மட்டும் ஓடும் வீடியோ வடிவத்தை அவர்கள் எத்தனை நாள் சுமப்பார்கள்? ஆக, குவிக்டைம் விண்டோஸுக்குப் போயே ஆகவேண்டும்.

அந்த வேலையை ஆப்பிள் வெளியே கொடுத்தது. 1992-இல் அதை எடுத்துக்கொண்டது சான் பிரான்சிஸ்கோ கேன்யன் கம்பெனி என்ற சிறிய நிறுவனம்.

இந்தத் தொடரில் இனி வரும் பாதிச் சண்டைக்கு விதை இந்த ஒப்பந்தம்தான்.

* * *

கேன்யன் எதைக் கட்டித் தந்தது என்று புரியவேண்டுமானால், ஒரு ஃபிரேம் திரைக்கு வந்து சேரும் பாதையைக் கொஞ்சம் நிதானமாக நடந்து பார்க்கவேண்டும்.

1993-இன் சராசரி பிசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 486 செயலி, விண்டோஸ் 3.1, 256 நிறம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை வேக சிடி டிரைவ்.

சிடியிலிருந்து விநாடிக்கு 150 கிலோபைட்தான் வரும். 320-க்கு 240 அளவில், புள்ளிக்கு 3 பைட் வீதம், விநாடிக்கு 15 ஃபிரேம் காட்டக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34 லட்சத்து 56 ஆயிரம் பைட் வேண்டும். சிடி தருவதைப்போல் 22 மடங்குக்கு மேல். அந்த இடைவெளியை அடைக்கத்தான் படத்தைச் சுருக்கி விரிக்கும் கோடெக்.

சூப்பர்மேக் நிறுவனத்தில் பீட்டர் பாரெட் எழுதிய சினிபேக் அந்தக் காலத்தின் நாயகன். படத்தை 4-க்கு 4 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். திரும்பத் திரும்ப வருகிற கட்டங்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, படத்தில் அந்தந்த இடத்துக்குப் பட்டியல் எண்ணை மட்டும் எழுதும். இப்படிச் சுருக்குவதற்கு மெஷினை இரவெல்லாம் ஓடவிடவேண்டும். விரிப்பதோ சுலபம். எண்ணைப் பார், கட்டத்தை எடு, வை. பெருக்கல் வகுத்தல் எதுவும் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் 486 தாங்கியது.

கணினி வீடியோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுருக்கும் வித்தைதான் கதை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. விரித்து முடித்த ஃபிரேம் இன்னும் மெயின் மெமரியில்தான் கிடக்கிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அதைக் கிராபிக்ஸ் கார்டின் மெமரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். நடுவில் நிற்கிறது இயங்குதளம்.

விண்டோஸில் திரை மீது ஒரு கோடு போடக்கூட எந்த நிரலுக்கும் நேரடி அனுமதி கிடையாது. ஜிடிஐ என்ற அடுக்கிடம் கேட்கவேண்டும். எந்த விண்டோ மேலே இருக்கிறது, எது மறைந்திருக்கிறது, 256 நிறத்தில் எவை இப்போது நடப்பில் இருக்கின்றன, மவுஸ் அம்பு வரையப்போகிற இடத்தில் நிற்கிறதா என்றெல்லாம் அது பார்க்கும். அம்பை மறைக்கும், வரையும், அம்பை மறுபடி வைக்கும். கடிதம் தட்டச்சு செய்யவும் சீட்டுக்கட்டு ஆடவும் இது அருமையான ஏற்பாடு. ஒரு நிரல் இன்னொன்றின் மேல் கிறுக்காது. எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் கவலையில்லை.

வீடியோவுக்கு இது நரகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, தினம் வருகிற பால்காரரை நிறுத்தி ஒவ்வொரு முறையும் பெயர், வீட்டு எண், கையெழுத்து வாங்கினால் எப்படி? அதுவும் விநாடிக்கு 15 தடவை. ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் மொத்தம் 67 மில்லிவிநாடி. அதற்குள் சிடியிலிருந்து படிக்கவேண்டும், விரிக்கவேண்டும், ஒலியைக் கவனிக்கவேண்டும். இதில் ஒரு பெரிய துண்டைக் காவலாளி தின்றுவிடுகிறார்.

* * *

சரி, காவலாளியிடம் சொல்லாமல் நேரே உள்ளே போய்விட்டால்?

போகலாம். ஆனால் உள்ளே பாதை லேசுப்பட்டதல்ல.

மெக்கில் மெஷினும் இயங்குதளமும் ஒரே வீட்டுச் சமையல். திரையின் மெமரி ஒரே நீளமான பட்டையாகக் கிடக்கும். குவிக்டைம் அதில் எத்தனையோ சந்தர்ப்பங்களில் நேரே எழுதிவிடும். பிசியில் செங், சிரஸ் லாஜிக், எஸ்3 என்று ஆளுக்கொரு கார்டு. பெரும்பாலானவை தங்கள் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் காட்டமாட்டா. 64 கிலோபைட் அகலமுள்ள ஒரு பொந்து வழியாகத்தான் பார்க்கவேண்டும், எழுதவேண்டும். அடுத்த பகுதி வேண்டுமென்றால் பொந்தை நகர்த்தக் கட்டளை கொடுக்கவேண்டும். அந்தக் கட்டளையும் கார்டுக்குக் கார்டு வேறு.

640 புள்ளி அகலமுள்ள திரையை நினைத்துக்கொள்ளுங்கள். 256 நிறம் என்றால் புள்ளிக்கு ஒரு பைட். 64 கிலோபைட் என்பது 65,536 பைட். மேலிருந்து எழுதிக்கொண்டே வந்தால் 102 வரி முழுதாக முடியும். 103-ஆவது வரியில் 256-ஆவது புள்ளியோடு பொந்து தீர்ந்துவிடும். வரியின் நட்டநடுவே நிறுத்தி, பொந்தை நகர்த்தி, மிச்சப் பாதி வரியை எழுதவேண்டும். திரை முழுதும் இப்படி நான்கு இடம். பயனர் வீடியோ பெட்டியை மவுஸால் இழுத்து நகர்த்தினால் கணக்கெல்லாம் மாறும். மேலே வேறொரு விண்டோ வந்து உட்கார்ந்தால், அதன் மீது எழுதிவிடாமல் விலகவேண்டும். மவுஸ் அம்பு குறுக்கே வந்தால் அழித்துவிடக்கூடாது. காவலாளி செய்துவந்த வேலை அத்தனையும் இப்போது உங்கள் தலையில்.

இதை ஒவ்வொரு கார்டிலும் சோதித்து, அசெம்பிளி மொழியில் இழைத்து இழைத்துச் செதுக்கவேண்டும். பொறுமையைச் சோதிக்கிற, யாரும் கைதட்டாத வேலை. கேன்யனின் பொறியாளர்கள் ஆப்பிளுக்காகச் செய்த வேலையில் இந்தக் கீழ்மட்டமும் அடக்கம். அதன் பலனாக விண்டோஸுக்கான குவிக்டைம் வந்தது. அதில் வீடியோவைப் பிடிக்கவோ வெட்டி ஒட்டவோ முடியாது, ஓட்ட மட்டும்தான். சிடி பதிப்பாளர்களுக்கு அது போதுமாயிருந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வீட்டுக்குள்ளேயே விருந்தாளி வேகமாக நடக்கிறார். வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?

* * *

இந்த இடத்தில் மூன்றாவது ஆள் நுழைகிறார்.

இன்டெல்லுக்கு வீடியோ வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. 1993 மார்ச்சில் பென்டியம் வந்துவிட்டது. கடிதம் தட்டச்சு செய்ய 486-ஏ அதிகம் என்றிருந்தவர்களைப் புதுச் செயலி வாங்கவைப்பது எப்படி? செயலியைத் தின்று தீர்க்கிற ஒரு வேலை வேண்டும். வீடியோவை விடப் பசி உள்ள வேலை எது? இன்டெல்லிடம் இன்டியோ என்ற சொந்தக் கோடெக்கும் இருந்தது. ஆனால் கோடெக் எவ்வளவு வேகமாக விரித்தாலும், ஜிடிஐ வாசலில் நின்றுவிட்டால் பென்டியத்தின் வேகம் யாருக்கும் தெரியாது.

ஆகவே ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ திரைக்குப் போகும் வேகத்தைக் கூட்டும் கீழ்மட்ட நிரல் ஒன்றை எழுதித்தர இன்டெல் ஆள் தேடியது. 1993 ஜூலையில் ஆளும் கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ கேன்யன் கம்பெனி.

அதே நிறுவனம். கிட்டத்தட்ட அதே வேலை. இந்த முறை எதிர்முகாமுக்காக.

நியாயமாகப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. விண்டோஸில் வீடியோவைத் திரைக்கு விரட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை தெரிந்தவரைத்தானே கூப்பிடுவார்கள்? ஆனால் அப்படிக் கூப்பிடும்போது அவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்று கேட்பதும் கூப்பிடுகிறவரின் பொறுப்பு. இன்டெல் கேட்டதா? ஆப்பிள் பிற்பாடு நீதிமன்றத்தில் வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: இவ்வளவு குறுகிய கெடுவில், இவ்வளவு குறைந்த காசில் அந்த நிரலைப் புதிதாக எழுதவே முடியாது, எங்கிருந்து வருகிறது என்று இன்டெல்லுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கேன்யன் எழுதித்தந்தது இன்டெல்லுக்குப் போனது. இன்டெல் அதை மைக்ரோசாஃப்டுக்கு உரிமம் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் தன் மென்பொருளாளர்களுக்கான தொகுப்பில், 1.1டி என்ற பதிப்பில் சேர்த்தது. இதே காலத்தில் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து டிசிஐ என்ற புது ஏற்பாட்டையும் அறிவித்திருந்தன. ஜிடிஐயைச் சுற்றிக்கொண்டு கார்டின் மெமரியை நேரே தொட அதிகாரபூர்வ வழி. திருட்டுத்தனமாகச் சுவர் ஏறவேண்டாம், பக்கவாட்டில் வாசலே வைத்துத் தருகிறோம் என்பது போல.

ஏவிஐ படங்கள் வேகமெடுத்தன.

* * *

1994 டிசம்பர் 6. கலிஃபோர்னியாவில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. முதலில் கேன்யன் மீது மட்டும். நாங்கள் காசு கொடுத்து எழுதவைத்த நிரலை எங்கள் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டார்கள், இது பதிப்புரிமை மீறல் என்பது புகார்.

இந்தத் தேதியைத் தனியாகப் பார்க்கக்கூடாது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, செப்டம்பர் 19 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆப்பிள் ஒரு பெரிய வழக்கில் தோற்றிருந்தது. விண்டோஸின் தோற்றமே எங்கள் மெக்கைப் பார்த்து அடித்த காப்பி என்று 1988-இலிருந்து நடத்திவந்த வழக்கு அது. ஜன்னல், மெனு இவற்றின் தோரணைக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1995 பிப்ரவரி 21-இல் உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்துக் கதவைச் சாத்தியது.

தோரணைக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் நிரலின் வரிகளுக்கு உண்டு. சாயலை நிரூபிக்க ஆறு ஆண்டு போராடி வெறுங்கையோடு நின்ற ஒரு நிறுவனத்தின் கையில், இப்போது வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டக்கூடிய ஆதாரம் சிக்கியிருந்தது. ஆப்பிள் வழக்கறிஞர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ள எனக்குச் சிரமமே இல்லை.

அதே பிப்ரவரியில் இன்டெல்லையும் மைக்ரோசாஃப்டையும் வழக்கில் சேர்த்தார்கள். குவிக்டைமின் சில ஆயிரம் வரிகளைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மைக்ரோசாஃப்டின் பதில் சுருக்கமானது: இன்டெல்லிடம் முறைப்படி உரிமம் வாங்கினோம்; அது எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

இதில் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. பொந்து 64 கிலோபைட் என்பதைக் கேன்யன் முடிவு செய்யவில்லை; கார்டு முடிவு செய்கிறது. 103-ஆவது வரியின் நடுவில் நிறுத்தவேண்டும் என்பதும் அப்படியே. இவ்வளவு இறுக்கமான இடத்தில் இரண்டு நல்ல பொறியாளர்கள் தனித்தனியே எழுதினாலும் வரிகள் ஒன்றுபோல் வந்து நிற்க வாய்ப்புண்டு. ஒரே பொறியாளர் இரண்டு தடவை எழுதினால் கேட்கவேவேண்டாம். முதல் முதலாளிக்காகக் கற்ற வித்தை இரண்டாவது முதலாளியிடம் போகும்போது, எது தலைக்குள் இருக்கும் அனுபவம், எது அடுத்தவர் சொத்து? கொத்தனாரிலிருந்து வழக்கறிஞர் வரை எல்லாத் தொழிலிலும் உள்ள கேள்விதான். ஆனாலும் எல்லாம் அனுபவம்தான் என்று விட்டுவிடும் பெருந்தன்மையை இங்கே நீட்ட எனக்கு மனம் வரவில்லை. வித்தையைச் சுமந்துபோவது வேறு, கோப்பைச் சுமந்துபோவது வேறு.

நீதிபதிக்கும் ஆப்பிளின் புகாரில் சத்து இருப்பதாகப் பட்டிருக்கவேண்டும். 1995 மார்ச்சில் தற்காலிகத் தடை வந்தது. கேன்யனின் நிரல் உள்ள ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ தொகுப்பை மைக்ரோசாஃப்ட் விநியோகிக்கக்கூடாது.

மைக்ரோசாஃப்ட் 1.1இ என்ற பதிப்பை வெளியிட்டது. இன்டெல்லிடம் உரிமம் பெற்ற கீழ்மட்ட நிரல் இதில் இல்லை, பயன்படுத்தப்படவும் இல்லை என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. மென்பொருள் உலகில் புதுப் பதிப்பு என்றால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கும். இதன் சிறப்பம்சம், ஒன்று கழிந்திருப்பது.

* * *

இனி மைக்ரோசாஃப்டின் முறை.

ஓட்டையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. 1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வந்தது. சில வாரங்களில் விளையாட்டு எழுதுகிறவர்களுக்கான தொகுப்பில் டைரக்ட்டிரா வந்தது. டிசிஐ ஓரங்கட்டப்பட்டது. காவலாளியே இனி சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்: இந்தா திரையின் மெமரி, எழுதி முடித்ததும் திருப்பிக் கொடு. சாவி எப்போதும் மைக்ரோசாஃப்டினுடையது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம்.

டைரக்ட்டிராவின் ஒரு விளைவை நம்மில் பலர் காரணம் தெரியாமலே பார்த்திருக்கிறோம். விசிடியில் படம் ஓடும்போது பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானைத் தட்டி, பெயிண்டில் ஒட்டுவோம். கதாநாயகன் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி இருக்கும். சில மெஷினில் இன்னும் விசித்திரம்: அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே, பெயிண்டுக்குள், படம் ஓடும்!

மாயம் எதுவும் இல்லை. வீடியோ விண்டோஸின் சாதாரணத் திரை மெமரிக்கு வரவே இல்லை. அது கார்டுக்குள் ஒரு தனி அறையில் இருக்கிறது. நிரல் திரையில் குறிப்பிட்ட ஒரு நிறத்தைப் பூசிவிடும்; அந்த நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே வீடியோவைக் காட்டு என்று கார்டிடம் சொல்லியிருக்கும். நீங்கள் பிடித்தது அந்த நிறத்தை மட்டும்தான். அதே நிறத்தைப் பெயிண்டில் அதே இடத்தில் ஒட்டினால், பாவம் கார்டுக்கு என்ன தெரியும்? அங்கேயும் படத்தைக் காட்டுகிறது.

விண்டோஸ் 95-இன் சிடியில் வீசர் குழுவின் ‘பட்டி ஹாலி’ பாட்டு வீடியோவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இயங்குதளத்தோடு பாட்டு இலவசம். வீடியோ இனி யாருடைய விருந்தாளியும் அல்ல, வீட்டுப் பிள்ளை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த விதம் அது.

ஆனால் வழக்கு அப்படியே நின்றது. 1995 போனது, 1996 போனது. ஆப்பிளின் நிலைமை மாதத்துக்கு மாதம் மோசமானது. தலைமை அதிகாரி ஸ்பிண்ட்லர் போனார், அமேலியோ வந்தார், அவரும் போனார். கோடிக்கணக்கில் நஷ்டம். இந்த நிலையில் இன்டெல், மைக்ரோசாஃப்ட் இருவரோடும் எத்தனை நாள் வழக்காட முடியும்?

1997 ஆகஸ்ட் 6, பாஸ்டன், மேக்வேர்ல்ட் மேடை. திரும்பிவந்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் இருந்த பிரம்மாண்டத் திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றுகிறது. அரங்கில் சீழ்க்கையும் கூச்சலும். ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது; வாக்குரிமை இல்லாத பங்குகள். ஐந்து ஆண்டுக்கு மெக்குக்கு ஆஃபீஸ் மென்பொருள் உறுதி. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இருந்த காப்புரிமைத் தகராறுகள் தீர்ந்தன.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாம், மூழ்கிக்கொண்டிருந்த எதிரியைக் கேட்ஸ் கைதூக்கிவிட்டார் என்று எழுதின. வாக்குரிமை கூடக் கேட்காமல், போட்டியாளருக்கு 15 கோடி டாலரை எடுத்து நீட்டுகிற அளவுக்குக் கேட்ஸ் தர்மவானா? இல்லை, 1994-இல் தொடங்கிய அந்தச் சில ஆயிரம் வரிகளின் கணக்கு, அந்த மேடையில்தான் தீர்க்கப்பட்டதா?

(தொடரும்)